இனாம் அட்டையும் கடைக்காரர் நாணயமும்

2022 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், உள்ளங்கையில் அடங்கும் அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. அது தங்கத் தகடு அல்ல. மன்னர் காலத்து ஓவியமும் அல்ல. 1952-இல் தெருமுனைக் கடைகளில் சில்லறைக் காசுக்கு விற்ற சூயிங்கம் பொட்டலத்துக்குள் சிறுவர்களுக்காக வைத்துக் கொடுத்த படம். படத்தில் இருப்பவர் மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரர். நம் நாட்டில் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்காவில் பேஸ்பால் அப்படி.

இத்தகைய செய்தி வந்தால் கடைவீதியில் என்ன பேச்சு எழும் என்பது நமக்குத் தெரிந்ததே. "அந்தக் காலத்தில் ஒரு பெட்டியைப் பரண்மேல் போட்டு வைத்திருந்தால் இன்று உட்கார்ந்து சாப்பிடலாமே" என்று ஒருவர் தொடங்குவார். "இனிமேல் வரும் சரக்கில் இரண்டு பெட்டியை ஒதுக்கி வைத்தால் என்ன?" என்று இன்னொருவர் கேட்பார். பழைய தீப்பெட்டி லேபிள், பழைய நாணயம், பழைய விளம்பரத் தகடு என்று எதையாவது கொண்டு வந்து "இது என்ன விலை பெறும்?" என்று கேட்கும் வாடிக்கையாளரும் உண்டு.

ஆகவே இந்த அட்டைகளின் கதையை வியாபாரக் கண்ணோடு ஒருமுறை பார்ப்பது நல்லது என்று நாம் எண்ணுகிறோம். விளையாட்டுச் செய்தியாக நாம் இதை எழுதவில்லை. இனாம் கொடுத்து விற்ற ஒரு சரக்கின் கதை இது. தேங்கிய இருப்பு, ஏமாற்றிய நிறுவனம், வாங்கி அடுக்கி முடங்கிப்போன கடைக்காரர், போலி ஏலம் எல்லாமே இதில் இருக்கின்றன. நம் தொழிலுக்கு வேண்டிய எச்சரிக்கையும் இருக்கிறது.

அட்டை எப்படி வந்தது?

அமெரிக்காவில் 1880-களில் சிகரெட் கம்பெனிகள்தான் இந்த வழக்கத்தைப் பெரிய அளவில் பரப்பின. மெல்லிய சிகரெட் பொட்டலம் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். வெறும் அட்டையாக இருப்பானேன் என்று அதில் நடிகையர், விளையாட்டு வீரர் படங்களை அச்சிட்டார்கள். அதைப் பார்த்துச் சூயிங்கம் வியாபாரிகளும் இறங்கினார்கள். நியூயார்க்கில் ஜி அண்டு பி என்ற கம்பெனி 1888-இல் கம்முடன் பேஸ்பால் வீரர் படங்களைக் கொடுத்தது. கம்முடன் வந்த முதல் பேஸ்பால் அட்டைகள் என்று சேகரிப்பாளர்கள் இவற்றையே சொல்கிறார்கள். பிறகு கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் கோல்கன் என்ற மருந்துக் கடைக்காரரின் பெயரால் வந்த கம், வட்ட வடிவத் தகர டப்பியில் விற்பனையானது. அந்த டப்பிக்குள் பொருந்தும்படி, 1909 முதல் சில ஆண்டுகள் வட்ட வடிவிலேயே வீரர் படங்களை வைத்தார்கள்.

1928-இல் பிலடெல்பியாவில் ஃபிளீர் கம்பெனியில் கணக்கராக இருந்த வால்டர் டீமர் என்பவர், ஊதினால் குமிழ் வரும் கம்முக்குச் சரியான பக்குவத்தைக் கண்டுபிடித்தார். கையில் இருந்தது இளஞ்சிவப்புச் சாயம் என்பதால் அதையே கலந்தார். பபிள்கம்முக்கு அந்த நிறம் நிலைத்துவிட்டது. ஒரு கணக்கர் தொடங்கி வைத்த சரக்கு என்பதில் நமக்கும் ஒரு மகிழ்ச்சி.

அடுத்து வந்தது பொருளாதார மந்தம். 1933-இல் அமெரிக்காவில் உழைக்கும் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டில்தான் பாஸ்டன் நகரத்துக் கவுடி கம் கம்பெனி, ஒரு சென்ட்டுக்கு ஒரு கம், அதோடு ஒரு வண்ண அட்டை என்று சந்தைக்கு வந்தது. பேப் ரூத் என்ற பெரிய ஆட்டக்காரருக்கு மட்டும் நான்கு அட்டைகள் போட்டார்கள். வீட்டில் அரிசிக்கும் ரொட்டிக்கும் யோசிக்கிற காலத்திலும் குழந்தை கையில் ஒரு சென்ட் இருக்கும் என்று அந்தக் கம்பெனி கணக்குப் போட்டது. கணக்கு தப்பவில்லை. அன்று ஒரு சென்ட்டுக்குக் கிடைத்த பேப் ரூத் அட்டைகளில் ஒன்று, மிக நல்ல நிலையில் இருந்தது, 2021-இல் 42 லட்சம் டாலருக்குச் சற்று மேல் விற்றது.

வராத 106

கவுடி கம்பெனியின் வரிசைக்கு 240 எண்கள். அட்டையின் பின்புறத்தில் எண் போட்டிருக்கும். சிறுவர்கள் ஒன்று முதல் 240 வரை சேர்க்கப் பாடுபட்டார்கள். ஆனால் 106-ஆம் எண் மட்டும் எந்தப் பொட்டலத்திலும் வரவில்லை. காரணம், 1933-இல் அந்த எண்ணைக் கம்பெனி வெளியிடவே இல்லை. வரிசை நிரம்பாதவரை பிள்ளைகள் வாங்கிக்கொண்டே இருப்பார்கள் என்ற எண்ணத்தில் வேண்டுமென்றே விட்டதாகவே சேகரிப்பாளர்கள் கருதுகிறார்கள்.

விட்டுப்போன எண்ணைக் கேட்டுக் கம்பெனிக்குக் கடிதங்கள் போயின. கடைசியில் 1934-இல் 106-ஆம் எண்ணை அச்சிட்டார்கள். 1916-லேயே பெரிய ஆட்டங்களிலிருந்து விலகிவிட்ட நாப் லாஜோய் என்ற பழைய வீரரின் படம் அது. அதையும் பொட்டலத்தில் போடவில்லை. எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பினார்கள். கடிதத்தோடு கிளிப் போட்டு அனுப்பியதால், இன்று எஞ்சியிருக்கும் பல பிரதிகளில் அந்தக் கிளிப்பின் தடம் தெரிகிறது.

இன்று அந்த 106, கம் அட்டைகளிலேயே மிக அரியவற்றில் ஒன்று. பெரும் விலை பெறுகிறது. இதைச் சொல்லும்போது சேகரிப்பாளர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. 1933-இல் ஒரு சென்ட், ஒரு சென்ட்டாகக் கொடுத்த ஏழைப் பிள்ளை பாஸ்டனில் இருந்த கம்பெனியைப் பார்த்ததில்லை. தெருமுனைக் கடைக்காரரைத்தான் பார்த்தது. "106 எப்போது வரும்?" என்று அவரிடம்தான் கேட்டிருக்கும். அவரும் "அடுத்த பெட்டியில் வரும்" என்று நம்பியே பதில் சொல்லியிருப்பார். கம்பெனி செய்த சூழ்ச்சிக்குப் பொய் சொன்னவர் ஆனது கடைக்காரர்.

நம் ஊர்க் கடைகளிலும் 1980-களிலும் 1990-களிலும் பபிள்கம்மோடு கிரிக்கெட் வீரர் படம் வந்தது. வரிசை சேராத பிள்ளைகள் கடை வாசலில் நின்று கேட்டதும் பலருக்கு நினைவிருக்கும். இன்றும் பொட்டலத்துக்குள் பொம்மை, சுரண்டல் கூப்பன், எண் சேர்த்தால் பரிசு என்று திட்டங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பரிசு வரவில்லையென்றால் முதலில் கேள்வி கேட்கப்படுவது நாம்தான்.

கடலில் கொட்டிய சரக்கு

இனி 1952-க்கு வருவோம். நியூயார்க் புரூக்ளின் பகுதியில் டாப்ஸ் என்ற சூயிங்கம் கம்பெனி இருந்தது. ஷோரின் குடும்பத்தார் 1938-இல் தொடங்கியது. அதற்கு முன் அவர்கள் குடும்பத் தொழில் புகையிலை. அங்கு வேலை பார்த்த சை பெர்கர் என்பவர் 1952-க்கான 407 அட்டைகளை வடிவமைத்தார். வீரரின் வண்ணப்படம், கையொப்பம், அணியின் சின்னம், பின்புறத்தில் ஆட்டக் கணக்கு என்று இன்றைக்கும் எல்லோரும் பின்பற்றும் அமைப்பு அதுதான்.

அட்டைகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். கடைசித் தொகுதி 311 முதல் 407 வரை. அது கடைக்கு வந்தபோது பேஸ்பால் பருவம் முடியும் நேரம். பிள்ளைகளின் கவனம் வேறு விளையாட்டுக்குத் திரும்பிவிட்டது. கடைக்காரர்கள் சரக்கு கேட்கவில்லை. தீபாவளி முடிந்த மறுநாள் வரும் பட்டாசு லாரியை யார் இறக்குவார்கள்? அப்படித்தான் அதுவும். தேங்கிய பெட்டிகள் புரூக்ளின் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் இடத்தை அடைத்தன. அடிமாட்டு விலைக்குத் தள்ளப் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் 1960-இல் படகில் ஏற்றி நியூஜெர்சி கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பெர்கரே பிற்காலத்தில் சொன்னார். மேன்டில் அட்டையின் எண் 311. அந்தக் கடைசித் தொகுதியின் முதல் அட்டை.

கடலில் கொட்டியதைக் கேட்டு இன்று பலர் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நாம் பெர்கரைக் குறை சொல்ல மாட்டோம். விற்காத சரக்கு கிடங்கு வாடகையைத் தின்கிறது. முதலைக் கட்டிப் போடுகிறது. 1960-இல் அந்தப் பெட்டிகளுக்கு எந்த வியாபாரியும் பணம் கொடுத்திருக்க மாட்டார். அப்போது அவர் செய்தது சரியான கணக்குத்தான். எட்டு ஆண்டு தேங்கிய சரக்கை இன்னும் முப்பது ஆண்டு வைத்திரு என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்ல மாட்டார்.

எஞ்சியது எப்படி? 1980-களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு வீட்டில், கை படாத 1952 அட்டைகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. ஆலன் ரோஸன் என்ற அட்டை வியாபாரி அவற்றை வாங்கினார். அதில் இருந்த மேன்டில் அட்டை ஒன்றை 1991-இல் 50,000 டாலருக்கு விற்றார். நாம் முதலில் சொன்ன 1 கோடியே 26 லட்சம் டாலர் பெற்றது அதே அட்டைதான்.

வட்டிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 31 ஆண்டுகளில் 252 மடங்கு. கூட்டு வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 19 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பெரிய வருமானம்தான். ஆனால் 1991-இல் 50,000 டாலர் கொடுத்து ஓர் அட்டையை வாங்கி, 31 ஆண்டுகள் ஒரு காசு வருமானம் இல்லாமல் பூட்டி வைக்கும் வசதி யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தவணைக்குச் சரக்கு எடுத்து மாதக் கடைசியில் பில் கட்டுகிற நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

விலை எதனால் வருகிறது?

அரிதாக இருப்பதே விலைக்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. மேன்டில் அட்டை அந்தத் தாளில் மற்ற பல வீரர்களைப்போல ஒருமுறை அல்ல, இருமுறை அச்சானது. அதாவது அதே தொகுதியில் அதைவிடக் குறைவாக அச்சான அட்டைகள் பல உண்டு. அது அவருடைய முதல் அட்டையும் அல்ல. 1951-இல் போமன் என்ற போட்டிக் கம்பெனி அவர் படத்தை முன்பே வெளியிட்டிருந்தது. ஆனாலும் 311-க்குத்தான் கிராக்கி. படத்தில் இருப்பவர் யார், அவரை எத்தனை பேர் நேசிக்கிறார்கள், அட்டை என்ன நிலையில் இருக்கிறது, அது அசலா என்ற நான்கும் சேர்ந்துதான் விலை ஆகிறது.

நிலை என்பதே பெரிய விஷயம். இந்த அட்டைகள் விளையாடுவதற்காகக் கொடுக்கப்பட்டவை. பிள்ளைகள் சுவரில் எறிந்து பந்தயம் ஆடினார்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். சைக்கிள் சக்கரத்தில் துணி கிளிப்பால் மாட்டிச் சத்தம் கேட்டு மகிழ்ந்தார்கள். பிள்ளை வளர்ந்து வெளியூர் போனதும் தாய்மார்கள் வீட்டைச் சுத்தம் செய்து குப்பையில் போட்டார்கள். கம்மின் பசையும் மெழுகுத்தாளின் மெழுகும் அட்டையில் கறை ஏற்றின. இவ்வளவையும் தாண்டி நான்கு மூலையும் கூர்மையாக இருக்கும் அட்டை எத்தனை தேறும்? அந்தச் சிலவற்றுக்குத்தான் செய்தித்தாளில் வரும் விலை. அதே ஆண்டின், அதே வீரரின், மடிந்து தேய்ந்த அட்டை அதில் மிகச் சிறு பங்கே பெறும்.

மதிப்பிடுவோர் நான்கு மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அசலா என்று அறிய, ஐயமில்லாத ஒரு சாதாரண அட்டையோடு அளவும் கனமும் ஒப்பிடுகிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அச்சுப் புள்ளிகளைப் பார்க்கிறார்கள். புற ஊதா விளக்கில் காட்டுவதும் உண்டு. 1930-களின் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் இல்லாததால் அது பளிச்சென்று ஒளிராது, பிற்காலத்து மறு அச்சு பெரும்பாலும் ஒளிரும். இப்படிப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்து, எண் கொடுத்து அனுப்பும் நிறுவனங்கள் 1991 முதல் வளர்ந்தன. தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை எப்படியோ அப்படி.

இந்தச் சந்தைக்கு அடித்தளம் போட்டவர் நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸ் நகரைச் சேர்ந்த ஜெபர்சன் பர்டிக். பெரிய பணக்காரர் அல்ல. அமெரிக்காவில் வந்த அட்டைகளையெல்லாம் வகை பிரித்துப் பட்டியல் போட்டார். புகையிலையோடு வந்தது ஒரு எழுத்து, முற்காலத்து மிட்டாய், கம்மோடு வந்தது ஒரு எழுத்து, பிற்காலத்துக் கம்மோடு வந்தது ஒரு எழுத்து என்று குறியீடு கொடுத்தார். கவுடியின் 1933 வரிசையை இன்றும் அவர் கொடுத்த ஆர் 319 என்ற குறியீட்டால் அழைக்கிறார்கள். தாம் சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் தாள்களையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்கே நன்கொடையாகக் கொடுத்துவிட்டு 1963-இல் மறைந்தார். எதற்கும் ஒரு ஒழுங்கான பட்டியல் இருந்தால்தான் விலை பேச முடியும் என்பது மளிகைக் கடைக்கும் பொருந்தும் உண்மை.

முத்திரையும் தவறலாம்

முத்திரை இருந்தால் போதுமா? இதற்கும் ஒரு கதை இருக்கிறது. இது கம் அட்டை அல்ல, சிகரெட் அட்டை. ஆனால் அட்டை வியாபாரம் முழுவதையும் உலுக்கியது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை மிகக் குறைவாகவே வெளியே வந்தது. தம் படத்தைப் போட அவர் சம்மதிக்கவில்லை. சிறுவர்கள் புகையிலை வாங்கக் கூடாது என்று மறுத்தார் என்பார்கள். தமக்குப் பணம் தராததால் மறுத்தார் என்பாரும் உண்டு. அந்த அட்டைகளில் மிகச் சிறந்த நிலையில் இருந்த ஒன்றை ஐஸ் ஹாக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கி, மற்றொருவருடன் சேர்ந்து 1991-இல் 4,51,000 டாலருக்கு வாங்கினார். தரமதிப்பீட்டு நிறுவனம் அதற்கு 8 மதிப்பெண் கொடுத்தது. 2007-இல் அது 28 லட்சம் டாலருக்குக் கை மாறியது.

2013-இல் அந்த அட்டையை ஒரு காலத்தில் விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், ஓரங்களைத் தாமே வெட்டிச் சீர்செய்ததை ஒப்புக்கொண்டார். அவர் மீதிருந்த வழக்கோ அதைவிடப் பெரியது. தம் ஏலங்களில் ஆள் வைத்துப் பொய்யாக ஏலம் கேட்கச் செய்து விலையை ஏற்றியது அது. 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஏலச் சந்தையில் ஆள் வைத்து விலை ஏற்றுவது எந்த ஊரிலும் நடக்கக்கூடிய வேலைதான். ஆனால் ஒருமுறை வெளிவந்தால் அதோடு நாணயமாக நடந்த ஏலங்களையும் மக்கள் சந்தேகிக்கிறார்கள். ஒரு வியாபாரி செய்த தவறுக்கு வரிசையாக எல்லா வியாபாரிகளும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாங்கி அடுக்கியவர் கதி

பழைய அட்டைகளின் விலை ஏறத் தொடங்கியதைப் பார்த்த அமெரிக்கர்கள் 1980-களில் புது அட்டைகளை வாங்கி அடுக்கத் தொடங்கினார்கள். விலைப்பட்டியல் புத்தகங்கள் மாதாமாதம் வந்தன. நகரத்துக்கு நகரம் அட்டைக் கடைகள் முளைத்தன. பொட்டலத்தைப் பிரிக்காமலே பெட்டி பெட்டியாக வைத்தார்கள். பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று வாங்கிய பெற்றோரும் உண்டு. கம்பெனிகள் சும்மா இருக்குமா? அச்சு இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டின. 1981-க்கு முன் டாப்ஸ் ஏறத்தாழ தனியாக இருந்த சந்தையில், ஃபிளீர், டான்ரஸ், பிறகு 1989-இல் அப்பர் டெக் என்று வரிசையாக வந்தன.

இதற்கிடையில் கம்முக்கே வேலை இல்லாமல் போயிற்று. கம் அட்டையைக் கறைப்படுத்துகிறது என்ற குறை வளர்ந்து, 1992 வரிசையிலிருந்து டாப்ஸ் தன் பொட்டலத்தில் கம்மை வைப்பதை நிறுத்தியது. கம்மை விற்க வந்த அட்டை, கம்மை வெளியே தள்ளிவிட்டது.

எல்லோரும் பத்திரப்படுத்திய சரக்கு எப்படி அரிதாகும்? 1933-இன் அட்டையும் 1952-இன் அட்டையும் பிள்ளைகள் கிழித்ததாலும், தாய்மார்கள் வீசியதாலும், கம்பெனியே கடலில் கொட்டியதாலும் அரிதாயின. 1988-இன் அட்டையை யாரும் வீசவில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது. 1994 ஆகஸ்டில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து அந்த ஆண்டின் இறுதிப் போட்டிகளே ரத்தானபோது ரசிகர்களின் ஆர்வமும் குறைந்தது. பல அட்டைக் கடைகள் மூடப்பட்டன. அந்தக் காலத்துப் பிரிக்காத பெட்டிகள் பல, முப்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் அன்றைய விலையை ஒட்டிய விலைக்கே கிடைக்கின்றன. வாடகையும் வட்டியும் கணக்கில் சேர்த்தால் பெரும் நட்டம்.

இதில் கம்பெனி அச்சடித்த அன்றே காசு பார்த்துவிட்டது. மொத்த வியாபாரி லாரி ஏறிய அன்றே பில் போட்டுவிட்டார். சரக்கோடு மாட்டிக்கொண்டவர் கடைசியில் வாங்கிய சில்லறைக் கடைக்காரர். எந்த அலை வந்தாலும் இந்த வரிசை மாறுவதில்லை என்பதை நம் உறுப்பினர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

பன்னிரண்டு டாலர் வழக்கு

கடைக்காரருக்கு நேரடியாகப் பாடமாகும் நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1990-இல் இலினாய் மாநிலத்தில் ஓர் அட்டைக் கடை. நோலன் ரயன் என்ற வீரரின் 1968-ஆம் ஆண்டு டாப்ஸ் அட்டை அங்கே விலைச்சீட்டோடு இருந்தது. முதலாளி எழுதியிருந்தது 1,200 டாலர். ஆனால் இடையில் கமாவோ டாலர் குறியோ தெளிவாக இல்லை. அன்று கடையில் நின்ற புது ஆளுக்கு அட்டை விலை தெரியாது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பன்னிரண்டு டாலர்தானா என்று கேட்டதும், ஆம் என்று கொடுத்து அனுப்பிவிட்டார். முதலாளி பிறகு நீதிமன்றம் போனார். இரு தரப்பும் சமாதானமாகி, 1991-இல் அட்டையை ஏலம் விட்டு, வந்த பணத்தை நற்பணிகளுக்குக் கொடுத்தார்கள்.

யார் பக்கம் நியாயம் என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. விலைச்சீட்டைத் தெளிவாக எழுதியிருந்தால், புது ஆளுக்கு ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுத்திருந்தால் வழக்கே வந்திருக்காது. வீட்டு ஆட்களையோ பக்கத்துக் கடைப் பையனையோ கல்லாவில் உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற பழக்கம் நம்மிடமும் உண்டு. விலை தெரியாதவர் கையில் கல்லாவைக் கொடுத்தால் அவரையும் குறை சொல்ல முடியாது, வாங்கியவரையும் குறை சொல்ல முடியாது.

நம் கருத்து

இவ்வளவையும் பார்த்த பிறகு நம் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, இனாம் திட்டத்தோடு வரும் சரக்கை எடுக்கும்போது விநியோகஸ்தரிடம் கேள்வி கேட்க வேண்டும். வரிசையில் மொத்தம் எத்தனை, எல்லா எண்ணும் உண்மையில் வெளியாகிறதா, பரிசு எங்கே எப்படிக் கிடைக்கும், கடைசித் தேதி என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கும் நிறுவனத்தின் சரக்கை முகப்பில் தொங்கவிட வேண்டாம். ஒரு கடைக்காரர் கேட்டால் விநியோகஸ்தர் சிரித்துவிட்டுப் போவார். ஒரு வீதி முழுவதும் கேட்டால் பதில் வரும். சங்கம் என்று ஒன்று இருப்பது இதற்குத்தான்.

இரண்டாவது, பொட்டலத்தைப் பிரித்து நல்லதை எடுத்துக்கொண்டு மீண்டும் ஒட்டி விற்கும் கெட்ட வழக்கம் எங்கும் நடக்கக் கூடாது. அமெரிக்காவில் பழைய மெழுகுத்தாள் பொட்டலங்களை இப்படிப் பிரித்து ஒட்டியவர்களால், இன்று பிரிக்காத பொட்டலத்துக்கும் தனியே சான்று வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குப் போக வேண்டிய பரிசைக் கடையில் உருவி எடுப்பது எடைக்கல்லில் குறைப்பதற்குச் சமம்.

மூன்றாவது, பின்னால் விலை ஏறும் என்று கடனுக்கு எதையும் வாங்கி அடுக்க வேண்டாம். சொந்த ஆசைக்கு ஒன்றிரண்டைப் பத்திரப்படுத்துவது வேறு. அது பொழுதுபோக்கு, மனத்துக்கு இன்பம் தரும். அதைக் கடை இருப்பில் சேர்க்காதீர்கள். கடை முதலில் வாங்காதீர்கள். ஒரு பொருளைச் சேகரிப்போருக்கு என்றே அச்சிட்டு விற்றால், அதில் லாபம் பெரும்பாலும் அச்சிட்டவருக்கு.

நான்காவது, பழம்பொருளைக் கொண்டு வந்து விலை கேட்கும் வாடிக்கையாளருக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். விலை பெறும் என்று தெரிந்துகொண்டே பத்து ரூபாய்க்கு வாங்கி வைத்துக்கொள்வதில் ஒரு நாள் லாபம் உண்டு. பிறகு அந்தக் குடும்பம் நம் கடைப் படி ஏறாது; நான்கு வீட்டாரிடம் சொல்லவும் செய்யும்.

1933-இல் ஒரு சென்ட் கொடுத்த பிள்ளைக்குக் கிடைத்த மகிழ்ச்சி உண்மையானது. அந்த மகிழ்ச்சியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் தெருமுனைக் கடைக்காரர். அட்டையைத் தேடித் தேடி இன்று கோடி கொடுத்து வாங்குபவர்களில் பலர், அந்தக் கடை வாசலில் பொட்டலத்தைப் பிரித்த நாளை மறக்காதவர்களே. நம் கடைக்கு வரும் பிள்ளையும் நாளைக்கு நம்மை அப்படித்தான் நினைவில் வைக்கப் போகிறது. "106 வருமா?" என்று அது கேட்கும்போது உண்மையான பதிலைச் சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும். விநியோகஸ்தரிடம் அடுத்த முறை பில்லில் கையெழுத்துப் போடும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளும்படி நம் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.